மூன்று பேர் கட்டிய கடன்

எங்கள் ஆட்களில் ஒருவர் மௌத்தானால், ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மகன் எழும்பி நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செத்தவர் யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு. இவ்வளவுதான், அரை நிமிட வேலை. கடனோடு போனவரின் ரூஹ், அதாவது ஆன்மா, அந்தக் கடன் தீரும் வரை தொங்கிக்கொண்டே நிற்கும் என்பது நம்பிக்கை. அதனால் கபுறில் வைப்பதற்கு முன்னால் கடனை இறக்கி வேறொருவர் தோளில் ஏற்றிவிடுவார்கள்.

என் மாமனார் ஹுசைன் மௌத்தான அன்று கொட்டாஞ்சேனைப் பள்ளிவாசலில் என் கணவர் அர்ஷாத் எழும்பி நின்றார். பெண்களாகிய நாங்கள் அடுத்த தெருவில், வீட்டில் இருந்தோம். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கேட்டது. "வாப்பா யாருக்காவது சல்லி குடுக்க ஈந்தா என்கிட்ட வாங்க." அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நான் வெள்ளவத்தையில் ஒரு நிதிக் கம்பனியில், கடன் பிரிவில் வேலை செய்கிறேன். செத்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தோடு சரி, அதற்கு மேல் பிள்ளை தன் பையிலிருந்து ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். மாமனார் விட்டுப்போன சொத்து ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும்தான். அப்படிப்பட்டவரின் கடன் முழுவதையும் என் கணவர் ஊரறியத் தன் தலையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடன் இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமனாருக்குக் கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை இருந்தது. 2022இல் எல்லாம் விலையேறிக் கடை ஆட்டம் கண்டபோது, ஒரு நிதிக் கம்பனியில் பத்து இலட்சம் எடுத்தார். எங்கள் கம்பனி அல்ல, வேறொன்று. மார்க்கத்தில் விலக்கப்பட்ட வட்டிக்கு வாங்கியது பள்ளியில் தெரிந்துவிடும் என்ற பயத்தில், வீட்டுக்குள்கூட அதைக் கடன் என்று சொல்ல மாட்டார், 'அந்த விஷயம்' என்பார். அடுத்த வருடம் கடையும் மூடப்பட்டது. 'அந்த விஷயம்' மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

அந்தக் கடனுக்குக் காப்புறுதி இருந்தது. கடன் எடுத்தவர் இறந்தால் மிச்சத்தை இன்சுரன்ஸ் கட்டும். மௌத்தை வைத்துப் பந்தயம் பிடிப்பதா என்று மாமனார் அதை வேண்டாம் என்றிருக்கிறார். கம்பனி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கட்டணத்தைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொண்டது. எங்கள் கம்பனியிலும் அப்படித்தான் செய்வோம்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அர்ஷாத்தை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கொம்பனிக் கடனுக்கு நீங்க ஒண்ணும் கட்ட வேணாம். இன்சுரன்ஸ் ஈக்கி. மௌத்து சேர்ட்டிபிக்கட் வந்ததும் நான் கிளெய்ம் போடுறேன். ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும்."

"ரெண்டு மாசமா?"

"ஓம்."

"அது வரைக்கும் வாப்பா?"

"வாப்பாவ அல்லாஹ் பாத்துக்குவான். கொம்பனிய நான் பாத்துக்குறேன்."

"ம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அவருடைய 'ம்' எது, 'மாட்டேன்' எது என்று பிரித்தறிய எனக்கு இன்னும் வரவில்லை.

நான் அவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. பாமன்கடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு அறை, மூன்றாம் மாடி, சமையலறை ஜன்னலில் கால் நீட்டி உட்காரலாம். அது எனக்கு வேண்டும். முற்பணம் எட்டு இலட்சம், மிச்சத்துக்கு எங்கள் கம்பனியில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் கடன். வட்டி என்று அர்ஷாத் முகத்தைச் சுளித்தார். மாதாமாதம் வாடகை கொடுத்துவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு எழும்பிப் போவதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அந்த எட்டு இலட்சமும் சேர்ந்திருந்தது. வாடகையும் சாப்பாடும் அவர் சம்பளத்தில், சேமிப்பு என் சம்பளத்தில் என்பது எங்கள் ஏற்பாடு. பஸ்ஸில் போய், வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போய், பெருநாளைக்கு ஒரே ஒரு உடுப்பு எடுத்துச் சேர்த்த பணம். வசதிக்காகக் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது.

மரணச் சான்றிதழ் கைக்கு வந்ததும், அரை நாள் லீவு போட்டுக் கொட்டாஞ்சேனைக் கிளைக்குப் போனேன். துஷ்யந்தி என்று ஒரு பெண் அதிகாரி, நல்ல மாதிரி. நானும் இதே தொழில் என்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டாள். கணினியில் இலக்கத்தை அடித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த லோன் செட்டில் ஆகிட்டுதே."

"எப்படி? ஆள் மௌத்தாகி இன்னும் மூணு கிழமை ஆகல்லையே."

"அவர் செத்த கிழமையே கட்டியிருக்கினம். இந்தா பாருங்கோ."

திரையை என் பக்கம் திருப்பினாள். இரண்டு வரி இருந்தது. அர்ஷாத் ஹுசைன், நாலு இலட்சம். அதற்கு இரண்டு நாள் முந்திய திகதியில் காளியப்பன், இரண்டு இலட்சம்.

முதல் வரி பார்த்ததுமே விளங்கியது, அது எங்கள் கணக்கில் இருந்த என் சேமிப்பு. இரண்டாவது வரி புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. காளியப்பன் என் மாமனாரின் கடையில் ஆரம்பத்திலிருந்து நின்றவர். கடை மூடியதும் தெமட்டகொடையில் வேறொரு கடையில் சாமான் ஏற்றி இறக்கப் போனார். அவர் ஏன் கட்டினார்?

"அவர்தான் பிணை" என்றாள் துஷ்யந்தி. "உங்கட மாமா ஆஸ்பத்திரியில இருந்த மாசங்கள் ஒண்டும் கட்டேல்ல. ஆள் செத்தா நாங்கள் பிணைக்காரருக்குத்தானே முதல் கோல் எடுக்கிறது. உங்களுக்குத் தெரியாததே?"

எனக்குத் தெரியும். அந்த அழைப்பில் பேசும் வசனம் எனக்கு மனப்பாடம். நானும் அதையேதான் பேசுகிறேன், வாரத்துக்கு நாலைந்து தடவை. ஆனால் மாமனாரின் கடனுக்கு யார் பிணை என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு விஷயம் என்றால் தொழில் புத்தி வேலை செய்வதில்லை போலிருக்கிறது.

கடன் முடிந்திருந்தாலும் கிளெய்ம் போடலாம், இறந்த திகதியில் இருந்த நிலுவையைத்தான் பார்ப்பார்கள், காசோலை வாரிசின் பெயரில் வரும் என்று துஷ்யந்தி சொன்னாள். ஆனால் அறுபத்தைந்து வயது தாண்டியவருக்குப் பாதித் தொகைதான். ஆறு இலட்சத்துக்கு மூன்று. நிபந்தனைத் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அது இருந்தது. கிளெய்மைப் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அர்ஷாத் வேலை முடிந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நான் தொடங்கிவிட்டேன்.

"என்ட சல்லி நாலு இலட்சத்த எடுத்துக் கட்டியிருக்கீங்க!"

அவர் மறுக்கவில்லை. கட்டப் போனபோது மிச்சம் நாலுதான் என்று கம்பனியில் சொன்னார்களாம். கதிரையில் உட்கார்ந்தார். "வாப்பா தினமும் கனவுல வந்தார், ஷிஹாரா. ஒண்ணும் செல்லல்ல. சும்மா நிண்டார்."

"இன்சுரன்ஸ் ஈக்கின்னு சென்னேன்தானே? ரெண்டு மாசம் பொறுக்க ஏலாதா?"

"நான் பள்ளியில செல்லிட்டேன். செல்லிட்டு ரெண்டு மாசம் இன்சுரன்ஸ்காரன் வரும் வரைக்கும் பாத்துக்கிட்டு ஈக்கவா?"

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு செல்லுவீங்க."

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். படித்த மனிசன் செய்கிற வேலையா இது என்றேன். கம்பனிக்காரன் சிரித்திருப்பான் என்றேன். அந்த வேகத்தில் இதையும் சேர்த்துக் கத்திவிட்டேன். "நீங்க மட்டும் பைத்தியம் இல்ல! அந்தக் காளியப்பனும் ரெண்டு இலட்சம் கொண்டு பெய்த்துக் கட்டியீக்கார்!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அர்ஷாத் தலையை நிமிர்த்தினார். அதுவரை குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தவரின் முகம் மாறியது. இந்த முகத்தை நான் அறிவேன். ஒலிபெருக்கியில் குரல் கேட்டபோது அவருடைய முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்போதே காளியப்பனுக்குக் கோல் எடுத்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். காளியப்பன், அதெல்லாம் அவசரமில்லை, ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் தம்பி, முதலில் உடம்பைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். கையில் மிச்சம் நாலு. காப்புறுதி மூன்று வரும். என் கூடப் பிறந்த நானா ஷிஹான் ஒரு இலட்சம் கைமாற்றாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு சரி. வீட்டுக்காரர் சிங்கள மனிதர், நல்லவர். காசோலை வரும் வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டார், ஆனால் அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று சொல்லிவிட்டார். வாங்குவதற்கு இன்னொரு கூட்டம் காத்துக்கொண்டிருந்தது.

காசோலை வந்தது. மூன்று இலட்சம், அர்ஷாத்தின் பெயரில். மேசையில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

"காளியண்ணன்ட ரெண்ட முதல்ல குடுத்துருவோம்" என்றார்.

இதற்கு நான் தயாராக இருந்தேன். இந்த முறை கத்தவில்லை. அலுவலகத்தில் ஆட்களோடு பேசுகிற மாதிரி, அமைதியாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். அவரே ஆறுதலாகத் தாருங்கள் என்கிறார். இந்த வீடு போனால் இந்த விலைக்கு இனிக் கிடைக்காது. யாருக்கும் நட்டமில்லாத வழி இருக்கும்போது ஏன் இந்தப் பிடிவாதம்?

நான் முடிக்கும் வரை அர்ஷாத் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றைக் கேட்டார்.

"காளியண்ணனுக்கு ரெண்டு இலட்சம் எங்கால வந்திச்சு?"

அதை நான் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன், பிறகு யோசிக்காமல் விட்டேன். சாமான் ஏற்றி இறக்குகிற மனிதரிடம் இரண்டு இலட்சம் சும்மா கிடக்காது. ஒன்றில் கடன், அல்லது அடகு. இரண்டுக்கும் வட்டி ஓடும். நாங்கள் ஆறுதலாகக் கடத்தும் ஒவ்வொரு மாதமும் அந்த வட்டியை அவர்தான் கட்டுவார். யாருக்கும் நட்டமில்லாத வழி என்று நான் சொன்னது பொய். இந்தக் கணக்கு அர்ஷாத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

"போவோம்" என்றேன். சொல்லும்போது எனக்குத் துக்கமாக இருந்தது. காளியப்பனுக்காக அல்ல, அந்தச் சமையலறை ஜன்னலுக்காக.

ஞாயிற்றுக்கிழமை தெமட்டகொடைக்குப் போனோம். ரயில் யார்டுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். காளியப்பன் சாரத்தோடு ஓடி வந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி மயிலம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. எனக்கு அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அர்ஷாத் பணத்தை நீட்டினார். "ஏன் அண்ணே என்கிட்ட வரல்ல? நான் பள்ளியில வச்சுச் சென்னேனே."

"வாசல்ல நின்னு கேட்டேனுங்க தம்பி" என்றார் காளியப்பன். "மொதலாளி யாருக்கு குடுக்கணுமோ அவங்க வாங்கன்னுதானே சொன்னீங்க? எனக்கு அவரு ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லீங்களே. கையெழுத்து வச்சவன் நானு. மறுநா கொம்பனியில இருந்து ஒரு பொம்பளப்புள்ள பேசிச்சு. கட்டலேன்னா வேல செய்யிற எடத்துக்கு லெட்டர் வரும்னிச்சு. எழவு வீட்டுல வந்து காசு கதைக்கிறதா? அதான் இவ சங்கிலியயும் சீட்டுக் காசயும் சேத்துக் கட்டிட்டேன்."

"இன்சுரன்ஸ் இருந்தது, அண்ணன்" என்றேன் நான். "கொஞ்சம் பொறுத்திருந்தா பாதி தானாக் கட்டுப்பட்டிருக்கும்."

"இருக்கலாம் தங்கச்சி. அத ஒருத்தரும் சொல்லலீங்களே."

உண்மைதான். கோல் எடுக்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. எங்களுக்கு வேண்டியது வசூல்.

அவர் பணத்தைக் கையில் வாங்காமல், பரவாயில்லை தம்பி, அவசரமில்லை தம்பி என்று இழுத்துக்கொண்டிருந்தார். மயிலம்மா விறுக்கென்று வந்து அர்ஷாத்தின் கையிலிருந்து உறையை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"இவருக்கு அவசரமில்லீங்க. அடகுக் கடக்காரனுக்கு அவசரம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒளிச்சு என்ன பண்றது, நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கல. நானா இருந்தா ஒரேயடியா கொண்டாந்து குடுத்திருக்க மாட்டேன்."

"நானும் மாட்டேன், அக்கா" என்றேன். "இவர்தான்."

அந்த மனுஷியை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

பேச்சுவாக்கில் அர்ஷாத் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். காளியப்பனுக்கு முகம் வாடிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற வீடு பாத்து லோன் எடுக்கிறதுன்னா சொல்லுங்க தம்பி. பிணைக்கு நான் கையெழுத்து வைக்கிறேன்" என்றார்.

மயிலம்மா கையிலிருந்த தட்டத்தை டொங்கென்று மேசையில் வைத்தார். "அந்தக் கைய ஒடச்சு அடுப்புல வச்சிருவேன்" என்றார். காளியப்பன் சிரித்தார். அர்ஷாத்தும் சிரித்தார். மயிலம்மாவும் நானும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வீட்டுக்காரருக்குக் கோல் எடுத்துச் சிங்களத்தில் சொன்னேன், எங்களுக்குச் சரிவராது, மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்று. "பாவம் நோனா" என்று எனக்காக வருந்தினார் அவர். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

பஸ் கிருலப்பனையைத் தாண்டியது. அர்ஷாத், "ஷிஹாரா" என்றார். "வாப்பாட கடன் முடிஞ்சிது. இப்ப எனக்கு ஒரு கடன் ஈக்கி."

நான் திரும்பவில்லை.

"உங்கட சல்லிய நான் கேக்காம எடுத்தேன். நாலு எடுத்தேன், மிச்சம் ஒண்டு திரும்ப வந்திச்சு. மூணு இலட்சம். நாளைக்கு நான் மௌத்தானா, எனக்காக எழும்பி நிக்க ஒரு புள்ளயும் இல்ல." என் பக்கமாகக் குனிந்தார். "அத ஹலாலாக்கி விடுவீங்களா?"

எங்களுக்குள் இது ஒரு வழக்கம். கொடுக்க முடியாத கடனைக் கொடுத்தவரே மன்னித்துவிட்டால் அது தீர்ந்துபோகும். நோய்ப்படுக்கையில் கேட்பார்கள், ஹஜ்ஜுக்குப் போகும்போது கேட்பார்கள். கேட்டால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மனைவி புருஷனுக்கு நிச்சயமாகச் சொல்வதில்லை. ஆக்கிட்டேன் என்ற ஒரு சொல். அத்தோடு என் பதினொரு வருடச் சோற்றுப் பார்சலும் பஸ் பயணமும் இல்லையென்று ஆகிவிடும்.

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே பயந்துபோயிருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. கோபமும் ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது.

"இல்ல" என்றேன். "ஹலாலாக்க மாட்டேன். கட்டுங்க."

அவர் விழித்தார்.

"மாசம் பத்தாயிரம். சம்பளம் எடுத்த அண்டைக்கே. வட்டி வேணாம், பிணைக்கு ஆள் வேணாம். கேட்டு எடுக்குறது எப்படிண்டு அதுக்குள்ள பழகிக்குவீங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீண்ட மூச்சு ஒன்றை விட்டு, "சரி" என்றார். அந்தச் 'சரி' சரிதான் என்று எனக்கு உடனே விளங்கியது.

அடுத்த சம்பள நாளன்று வேலை முடிந்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னால் பத்தாயிரத்தை என் கையில் வைத்தார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே நின்று எண்ணிப் பார்த்து வாங்கினேன்.